அறுபது இடது கைகள்

அந்தத் தையற்கூடத்தில் அவளுக்குக் ‘கண்ணளவு’ என்று பெயர். துணியை மேசையில் விரித்ததும், அளவு நாடாவைத் தொடாமலேயே இத்தனை கோட்டுக்கு வரும், இவ்வளவு மிஞ்சும் என்று சொல்லிவிடுவாள். இருபத்திரண்டு ஆண்டுகளில் அவள் வெட்டியதை முதலாளி ஒருமுறைகூட அளந்து பார்த்ததில்லை. “அக்கா சொன்னா நாடா சொன்ன மாதிரி” என்பார். அந்தச் சொல்லைக் காட்டிலும் பெரிய சொத்து அவளுக்கு இல்லை.

தலைவலி விடாமல் வந்தது. அவளுடைய தாய், மூளையில் இரத்தக் குழாய் வெடித்து இறந்தவர். ஆகையால், முதல் ஸ்கேனில் ஒரு குழாய் சற்றே புடைத்திருப்பதுபோல் தெரிகிறது என்றதும், கணவன் ஒற்றைக் காலில் நின்று அவளை மருத்துவமனையில் சேர்த்தான். தொடை வழியாக மெல்லிய குழாயைக் கழுத்துவரை செலுத்தி, மருந்தைப் பாய்ச்சிப் படம் எடுத்தார்கள். அவள் கையொப்பமிடும் முன், பக்கவாதம் வருவது மிக அரிது என்றார் மருத்துவர். வேறு எதையும் அவர் சொல்லவில்லை. அவளுக்கும் கேட்கத் தெரியவில்லை.

புடைப்பு எதுவும் இல்லை என்று முடிவு வந்தது.

“உன் தலைக்குள்ள ஒண்ணுமே இல்லையாம். இதைத்தானே நான் கல்யாணம் ஆனதுலேர்ந்து சொல்றேன்?” என்றான் கணவன்.

“தெரிஞ்சும் கட்டிக்கிட்டீங்களே, உங்க தலையையும் ஒரு படம் எடுத்துப் பார்ப்போமா?”

ஐந்தாம் நாள் வேலைக்குத் திரும்பினாள். ஓட்டல் பணியாளர்களுக்கு முப்பது கோட்டுகள். முப்பது துணிகளையும் ஒரே முகமாக அடுக்கி, கைக்கான மாதிரி அட்டையை இடது கைக்கு அப்படியே வைத்தும் வலது கைக்குப் புரட்டி வைத்தும் வரைந்து வெட்ட வேண்டும். நேற்றுச் சேர்ந்தவருக்கும் தெரிந்த வேலைதான். பிற்பகலில் தையல்காரி ஒருத்தி குரல் கொடுத்தாள்.

“அக்கா, வலது கையே காணோமே! அந்த ஓட்டல்ல எல்லாருக்கும் ரெண்டு கையும் இடது பக்கந்தானா?”

கூடமே சிரித்தது. அவளும் சிரித்துக்கொண்டேதான் எழுந்து வந்தாள். குவியலைப் புரட்டினாள். அறுபதும் இடது கைகள். அட்டையைப் புரட்டியதாகவே அவளுக்கு நினைவு.

மறுநாள் மருத்துவமனையில் மீண்டும் ஸ்கேன் எடுத்தார்கள். மருத்துவர் திரையை அவள் பக்கம் திருப்பினார். மூன்று வெள்ளைப் புள்ளிகள், பொத்தான் துளையளவு.

“குழாய் விடும்போது சின்னத் துணுக்கோ காற்றுக் குமிழோ போய் அடைச்சிருக்கலாம். சிலருக்கு வரும். சத்தமில்லாத பாதிப்பும்மா, பெரும்பாலும் வெளியில ஒண்ணும் தெரியாது.”

“எனக்குத் தெரிஞ்சுதே, டாக்டர்.”

“கை கால் நல்லா இருக்கு, பேச்சு நல்லா இருக்கு. நீங்க சொல்ற தப்பு இதனாலதான்னு சொல்ல முடியாது.”

“இதனால இல்லைன்னு எழுதிக் கொடுப்பீங்களா?”

“அதுவும் முடியாதும்மா” என்றார்.

“முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?”

“சொன்னா பயந்துடுவீங்க.”

கணவன் திரையைப் பார்த்தபடி நின்றான். தலைக்குள் ஒன்றுமில்லை என்ற வேடிக்கையை அவன் பிறகு ஒருபோதும் சொல்லவில்லை.

“கொஞ்ச நாள் பொத்தான் தைக்கிற பக்கம் உட்காருங்கக்கா” என்றார் முதலாளி, அவள் கூடத்துக்குத் திரும்பியதும்.

“எத்தனை நாளைக்கு?”

“உடம்பு தேறட்டுமே” என்று துணியைத் தடவிக்கொண்டே சொன்னார்.

இரண்டு மாதங்கள் கழிந்தன. பொத்தானுக்காக வந்த ஒரு கோட்டைக் கையில் எடுத்ததுமே அவள் சொன்னாள்: “இதுல வலது கை அரை அங்குலம் குட்டை.”

முதலாளி வந்தார். கோட்டை வாங்கி மேசைமேல் பரப்பினார். கழுத்தில் தொங்கிய நாடாவை எடுத்து, அவள் கண்ணெதிரே அளந்தார். நம்பாமல் மறுபடியும் அளந்தார்.

“அரை அங்குலந்தான்” என்றார்.

நாடாவைக் கழுத்தில் போட்டுக்கொண்டு வெட்டும் மேசைக்குத் திரும்பினார். அவள் ஊசியில் நூலைக் கோத்தாள்.