அங்குட்டு நின்னு பாருங்க

காரைக்குடி செக்காலை ரோட்டில் சைக்கிள் கடைக் கூரையின் நிழலில் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு, எதிர்ப்பக்கத்து வளையல் கடையின் போர்டைப் பார்த்துப் பார்த்து நம்பரை அழுத்துகிறார் பர்வீன் பானு. மணி அடிக்கிறது. யாரோ எடுக்கிறார்கள். "இது வளையல் கடை இல்லீங்க. நான் தேவகோட்டையில மாட்டுத் தீவனம் விக்கிறவன். எத்தன பேருக்குத்தான் சொல்றது!" என்று எரிந்து விழுகிறது குரல். பானு மன்னிப்புக் கேட்டு வைத்துவிட்டு, ரோட்டுக்கு அந்தப் பக்கம் கல்லாவில் உட்கார்ந்திருக்கும் வளையல் கடைக்காரரைக் கையசைத்துக் கூப்பிடுகிறார்.

"அண்ணே, கொஞ்சம் இங்குட்டு வாங்க. உங்க கடைய உங்களுக்குக் காட்டணும்."

இது அவருடைய வழக்கம். எந்தக் கடைக்கு யோசனை சொல்லக் கூப்பிட்டாலும் நேரே உள்ளே போக மாட்டார். எதிர்ப்பக்கம் நின்று, ஊருக்குப் புதிதாக வந்தவர் மாதிரி அந்தக் கடையைப் போனில் தேடுவார், கூப்பிடுவார், மேப்பைப் போட்டு நடந்து பார்ப்பார். "கடைக்குள்ள உக்காந்துக்கிட்டுப் பாத்தா கடை தெரியாது. அங்குட்டு நின்னு பாருங்க" என்பார். வளையல் கடைக்காரர் எப்போதோ தொலைத்த சிம்மின் நம்பர் இன்னும் போர்டில் பளபளவென்று நிற்பது அப்படித்தான் வெளிச்சத்துக்கு வந்தது.

பானுவுக்கு நாற்பதைத் தாண்டிய வயது. வெயிலில் கறுத்த முகம், நடையில் ஒரு அவசரம். கணவர் நியாஸ் செல்போன் பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறார். அந்தக் கடை போர்டின் அடியில், "வியாபாரிகளுக்கு கம்ப்யூட்டர், செல்போன் யோசனை சொல்லப்படும்" என்று ஒரு வரி உண்டு. அந்த வரிதான் பானு. பஜாரில் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவர்கள் குறைவு. "யோசனைக்காரம்மா" என்றால்தான் எல்லோருக்கும் தெரியும். முன்பு ஒரு ஜவுளிக் கடையில் பில் போட்டுக்கொண்டிருந்தார். பண்டிகைக் கூட்டத்தில் கம்ப்யூட்டர் நின்றுபோனால் மற்றவர்கள் அதன் தலையில் தட்டுவார்கள்; இவர் மட்டும் பொறுமையாக ஒவ்வொரு வயராகப் பிடுங்கிச் சொருகிப் பார்ப்பார். "மெசினுக்குக் கோவம் வராது. நமக்குத்தான் வரும். அதனால நாமதான் பொறுத்துப் போகணும்" என்பது அந்தக் காலத்திலேயே அவர் கண்டுகொண்டது.

யோசனைக்குக் காசு வாங்குகிறவர் ஏதாவது வாங்கச் சொல்வார் என்றுதான் யாரும் நினைப்பார்கள். பானுவின் வாயில் அதிகம் வருவது "வேணாம்" என்ற சொல். தனக்கென்று ஒரு ஆப் வேண்டுமென்று கேட்ட தையற்காரர் சேவுகப்பெருமாளிடம், "ஆப்பு வேணாண்ணே. வாட்ஸப்புல உங்க படத்துக்குப் பதிலா சூரியன் உதிக்குது. அத எடுத்துட்டுக் கடை போர்டப் போடுங்க. ரவிக்கை தைக்கக் குடுக்குறவக சூரியன்கிட்டயா பேசுவாக?" என்றார். வெல்டிங் பட்டறைக்காரர் ஒருவர் வெப்சைட் கேட்டார். அவர் செய்து மாட்டிய கேட்டுகள் ஊரெல்லாம் நிற்பதைச் சொல்லி, ஒவ்வொரு கேட்டின் கீழ் மூலையிலும் பெயரையும் நம்பரையும் பெயிண்டில் எழுத வைத்தார். "இதுதாண்ணே உங்க வெப்சைட்டு. கரண்டு போனாலும் தெரியும்."

அவர் பையில் எப்போதும் ஒரு வெள்ளைத் துணி இருக்கும். கடைக்காரர்கள் போனை நீட்டியதும் முதல் காரியமாகக் கேமராக் கண்ணைத் துடைப்பார். படம் கலங்கலாக விழுகிறது என்று புதுப் போன் வாங்கத் துணிந்த பலகாரக் கடைக்காரர்கள் பலருக்கு அந்தத் துணி செலவை மிச்சம் பிடித்துக் கொடுத்திருக்கிறது. எண்ணெய்க் கை பட்டதால் வந்த கலங்கல் அது.

எதிர்ப்பக்கம் நிற்காமல் அவர் நேரே உள்ளே போனது ஒரே ஒரு கடைக்குத்தான். அன்றைக்கு மழை கொட்டியது.

போன டிசம்பரில், அரையாண்டு லீவு தொடங்கப் போகிற சமயம். பழைய காலத்துப் பெரிய வீடுகளைப் பார்க்க வெளியூர்க்காரர்கள் வேன் வேனாக வந்து இறங்குகிற காலம் அது. செக்காலை ரோட்டிலிருந்து பிரியும் சந்தில் மெஸ் நடத்தும் மாயக்கண்ணன் கூப்பிட்டிருந்தார். பானு நனைந்த துப்பட்டாவைப் பிழிந்துகொண்டு உள்ளே நுழைந்தபோது மத்தியானச் சாப்பாட்டு நேரம். பாதி மேசை காலி.

மாயக்கண்ணன் ஒரு பளபளப்பான விளம்பரத் தாளை நீட்டினார். ஒவ்வொரு மேசையிலும் ஒரு சின்னத் திரை. சாப்பிட வருகிறவர்கள் அதைத் தொட்டே உப்புக்கறியும் சுக்காவும் கேட்கலாம். மெட்ராஸ் கம்பெனி ஆள் வந்து காட்டிவிட்டுப் போயிருக்கிறார்.

"கூட்டம் விழுந்துபோச்சு பானு. இத வச்சா வரும்ங்கிறாக. மதுரையிலேர்ந்து புது மாஸ்டருக்கும் சொல்லி வச்சிருக்கேன்."

"புது மாஸ்டரா? அப்ப காளியாயி அக்கா?"

மாயக்கண்ணன் குரலைத் தாழ்த்தினார். "அதுக்குக் கைப்பக்குவம் போயிருச்சுத்தா. நானே வேலைய விட்டு நின்னுக்கச் சொல்லிட்டேன். சிவகங்கையில ஏதோ ஆஸ்டல்ல சமைக்கப் போகுதாம். இந்த ஞாயித்துக்கெழமையோட சரி."

காளியாயி அந்த மெஸ் திறந்த நாளிலிருந்து அடுப்படியில் இருப்பவர். அவர் வைக்கும் உப்புக்கறிக்காகவே வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்தவர்கள் உண்டு. பானு அடுப்படிக்குள் எட்டிப் பார்த்தார். காளியாயி குழம்பைக் கரண்டியில் எடுத்து, இலை எடுக்கும் பெண்ணிடம் நீட்டி, "உப்புப் பாருத்தா, சரியா இருக்கா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். ஒரு காலத்தில் வாசனையை வைத்தே உப்பைச் சொன்ன மனுஷி. பானுவைப் பார்த்ததும் கரண்டியைக் கீழே வைத்தார்.

"காச்ச வந்துச்சுல்ல தாயி, ஆடி மாசம். அதுல நாக்கு செத்துப்போச்சு போல. எனக்கு நல்லாத்தான் தெரியுது. ஆனா சாப்புட ஆளு வரலையே. அப்ப என் நாக்குதான பொய் சொல்லுது?" குரலில் அழுகை இல்லை. செத்த வீட்டில் பேசுகிற மாதிரி, முடிந்த காரியமாகப் பேசினார்.

பானு ஒரு கரண்டிக் குழம்பை வாங்கி நாக்கில் விட்டார். மிளகாயும் சின்ன வெங்காயமும் இருக்க வேண்டிய இடத்தில் இருந்தன. வெளியே வந்து மேசைகளைப் பார்த்தார். ஓரத்தில் பாங்க் கிளார்க்குகள். ஜன்னலோரம் இரண்டு ஆட்டோக்காரர்கள். மர வியாபாரி ஒருவர். எல்லாம் தெரிந்த முகங்கள். எல்லோரும் இரண்டாம் தடவை சோறு கேட்டு வாங்கிக்கொண்டிருந்தார்கள்.

"அண்ணே, இவுகள்லாம் தினம் வாரவுகளா?"

"ஆமா, வாடிக்கைக்காரக. இவுக எங்க போயிருவாக?"

"அப்ப வராமப் போனது யாரு?"

மாயக்கண்ணன் யோசித்தார். "வெளியூருதான். கோயமுத்தூரு, பெங்களூருன்னு கார்ல வருவாகளே, அவுகளத்தான் ஒருத்தரையும் காணோம்."

"தினம் சாப்புடுறவக அப்பிடியே இருக்காக. ஒரு தடவகூட சாப்புடாதவகதான் வரல. அக்கா கை கெட்டுப்போச்சுன்னு அவுகளுக்கு எப்பிடித் தெரியும், சாப்புடாமயே?"

 பதிலுக்குக் காத்திருக்காமல் பானு துப்பட்டாவைத் தலைக்கு இழுத்துவிட்டுக்கொண்டு மழையில் இறங்கிவிட்டார். சந்தின் எதிர்ப்பக்கம் ஒரு மாடிப்படியின் அடியில் ஒதுங்கி, போனை எடுத்து, காரைக்குடியில் நல்ல சாப்பாடு எங்கே என்று வெளியூர்க்காரர் தேடுகிற மாதிரித் தேடினார். ஊரிலுள்ள கடையெல்லாம் வந்தது. மாயக்கண்ணன் மெஸ் வரவில்லை. முழுப் பெயரையும் அடித்தார். வந்தது. பெயருக்குக் கீழே சிவப்பு எழுத்தில் ஒரு வரி: நிரந்தரமாக மூடப்பட்டது.

அந்தத் திரையைக் கொண்டுவந்து மாயக்கண்ணன் முகத்துக்கு நேரே பிடித்தார்.

"யாருண்ணே உங்க கடைய மூடுனது?"

மாயக்கண்ணன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். முகம் மெல்ல மாறியது. "ஐயோ... ஒரு நா போன்ல ஒரு கேள்வி வந்துச்சு பானு. கடை மூடியிருக்கான்னு கேட்டுச்சு. அன்னைக்கு எங்க ஊருத் திருவிழா. நெசமாவே மூடித்தான் கெடந்துச்சு. பொய் சொல்லப்படாதேன்னு ஆமான்னு அமுக்கிவிட்டேன்."

பாங்க் கிளார்க் ஒருவர் சிரித்ததில் புரையேறித் தண்ணீர் தேடினார். அடுப்படி வாசலில் காளியாயி வந்து நின்றிருந்தார்.

"அப்ப என் நாக்கு?"

"உங்க நாக்கு நல்லாத்தாங்க்கா இருக்கு. அண்ணன் வெரல்தான் கெட்டுப்போச்சு."

மாயக்கண்ணன் எழுந்து நின்றார். போனை எடுத்து எல்லோர் முன்னாலும் மதுரை மாஸ்டரைக் கூப்பிட்டு வர வேண்டாம் என்றார். பிறகு காளியாயி பக்கம் திரும்பி, "நான் பேசுனது தப்புத்தா" என்றார். காளியாயி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "அது கெடக்கட்டும். மொதல்ல கடையத் தொறங்க."

அதைச் சொல்வது எளிது. மாயக்கண்ணன் போனிலேயே மேப்பில் மெஸ்ஸைப் பதிந்த கணக்கு இருந்தது. பானு உள்ளே போய் "மீண்டும் திறக்கப்பட்டது" என்பதை அழுத்தினார். பரிசீலனையில் இருக்கிறது, காத்திருக்கவும் என்று வந்தது. அதற்கு மேல் அவர் கையில் ஒன்றும் இல்லை.

கையில் இருந்ததை அவர் விடவில்லை. மேப்பில் மெஸ்ஸின் புள்ளி பின்சந்து மாட்டுக் கொட்டகை மேல் கிடந்தது. அதை வாசலுக்கு நகர்த்தினார். பழைய நம்பரை மாற்றினார். திறக்கும் நேரம், அடைக்கும் நேரம், வார லீவு எல்லாம் போட்டார். கேமராவைத் துடைத்து, டியூப் லைட்டை அணைத்து, ஜன்னல் வெளிச்சத்தில் வாழை இலையை விரித்து, உப்புக்கறி பரிமாறும் காளியாயியின் கையோடு படம் எடுத்தார். "திருவிழாவுக்கு மூடுனா 'தற்காலிகமா'ன்னு ஒண்ணு இருக்கு, அத அமுக்குங்க. இங்கிலீசுல எது கேட்டாலும் என்னயக் கேக்காம ஆமான்னு சொல்லாதீக. சாப்புட்டவககிட்ட மட்டும் ரெண்டு வரி எழுதச் சொல்லுங்க, சாப்புடாத மச்சானையெல்லாம் எழுத வைக்காதீக. இந்தத் திரை கிரையெல்லாம் வேணாம்" என்றார். விளம்பரத் தாள் மேசைக் காலுக்கு முட்டுக் கொடுக்கப் போய்விட்டது.

மறுநாளும் சிவப்பு எழுத்து அப்படியே இருந்தது. அதற்கடுத்த நாளும். சிவகங்கை ஆஸ்டல்காரர்கள் காளியாயியைக் கூப்பிட்டு, வருகிறாரா இல்லையா என்று கேட்டார்கள். காளியாயி பானுவைக் கேட்டார். "என்னத்தா சொல்ல?"

"வரலைன்னு சொல்லுங்கக்கா" என்று பானு சொல்லிவிட்டார். சொன்ன பிறகு அவருக்குச் சோறு இறங்கவில்லை. தான் நினைத்தது தப்பாக இருந்தால்? எழுத்து மாறியும் ஆள் வராமல் போனால்? ஒரு மனுஷியின் பிழைப்பில் கையை வைத்துவிட்டோமே என்று நியாஸிடம் புலம்பினார். நியாஸ் ஒரு போனின் வயிற்றைத் திறந்து வைத்துக்கொண்டு, "நீ குழம்பக் குடிச்சுப் பாத்தியா?" என்று கேட்டார். குடித்தேன் என்றார் பானு. "பெறகென்ன?" என்று அவர் திருகாணியைத் தேடப் போய்விட்டார்.

வெள்ளிக்கிழமை பூக்கடையில் நின்று பில் மெஷின் வேண்டாம் என்று விளக்கிக்கொண்டிருந்தபோது பானு பழக்கத்தில் மேப்பைத் திறந்தார். சிவப்பு எழுத்து இல்லை. பச்சையில் "திறந்திருக்கிறது" என்றது. அதற்குக் கீழே காளியாயியின் கை. பானு போட்ட கூச்சலில் பூக்காரி கையிலிருந்த சரம் நழுவியது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மெஸ் இருந்த சந்துக்குள் ஸ்கூட்டர் நுழைய முடியவில்லை. கோயமுத்தூர் வேன் ஒன்று, அதன் பின்னால் பெங்களூர்க் கார்கள், கீழச்சிவல்பட்டி வீடுகளைப் பார்த்துவிட்டுப் பசியோடு வந்த கல்லூரிப் பேராசிரியர்கள் கூட்டம் ஒன்று. வாசலில் ஆட்கள் போனில் இருந்த படத்தையும் உள்ளே இருந்த காளியாயியையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். மாயக்கண்ணன் வேர்த்து விறுவிறுத்து இலைக்கட்டு வாங்க ஆளை விரட்டிக்கொண்டிருந்தார். அடுப்படிக்குள் காளியாயி கரண்டியை நாக்கில் வைத்துப் பார்த்து, யாரையும் கேட்காமல், ஒரு கை உப்பை அள்ளிப் போட்டு, "கொண்டு போங்க!" என்று உரக்கக் கத்தினார். அந்தக் குரல் தெருவரைக்கும் கேட்டது.

பானு வாசலில் நின்று பார்த்தார். பரிமாற ஆள் போதவில்லை. போனைப் பைக்குள் போட்டு, பையைக் கல்லாவுக்கு அடியில் தள்ளிவிட்டு, துப்பட்டாவை இடுப்பில் சுற்றிச் சொருகிக்கொண்டு ரச வாளியைத் தூக்கினார். நடு மேசையில் இளைஞர் ஒருவர் போனை உயர்த்திப் பிடித்து, "அக்கா, இங்க வைஃபை இருக்கா?" என்று கேட்டார்.

"மொதல்ல ரசத்துக்குச் சோத்துல பாத்தி கட்டுங்க தம்பி" என்று பானு கரண்டியைச் சாய்த்தார்.