பொருள் மட்டும் நீங்க சொல்லுங்க

எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான்தான். அப்பாவுக்கு மில்லில் நூல் பிரிவில் வேலை. ஸ்ரீராம்புரத்தில் ஒற்றை அறை வீடு. செய்யுளைச் சொல் சொல்லாகப் பிரித்துப் பொருள் சொல்லக் கல்லூரியில் கற்றுக்கொண்டேன். அதில் குறையில்லை. ஆனால் பக்கத்து பெஞ்சுக்காரன் ஒரு வரியைக் கேட்டதும் தன்னை மறந்து தலையை ஆட்டுவானே, அது மட்டும் எனக்கு வரவில்லை. வந்தே தீரவேண்டும் என்று இருந்தது.

அதற்காகத்தான் கண்டோன்மென்ட் பக்கம் ஒரு தமிழ்ச் சங்கத்துக்கு ஞாயிறுதோறும் நடந்து போனேன். முறை வருகிறவர் ஒரு செய்யுளை ராகத்தோடு பாடிவிட்டு அதன் நயத்தைச் சொல்லவேண்டும் என்பது அங்கே வழக்கம். சினிமா மெட்டு கூடாது. மற்றவர்கள் வீடுகளுக்குப் பாட்டு வாத்தியார் வந்து போயிருந்தார். எங்கள் வீட்டில் பாட்டு என்றால் அம்மாவின் ஒப்பாரிதான். தெருவில் எந்தச் சாவு என்றாலும் அம்மாவைத்தான் வந்து கூப்பிடுவார்கள்.

என் முறைக்கு மணப்பெண்ணை வருணிக்கும் விருத்தம் ஒன்றை எடுத்துக்கொண்டேன். எனக்குத் தெரிந்த அந்த ராகத்தில் அது தானாகப் போய் உட்கார்ந்தது. வீட்டில் பாடிப் பார்த்தபோது எதிர்வீட்டு அக்கா தலையைக்கூட முடியாமல் ஓடிவந்து, யாருக்கு என்ன ஆச்சு என்று கேட்டாள். அம்மாவின் முகம் மாறிவிட்டது.

"நல்லா இருக்கிற வூட்ல இந்த ராகம் வேணாண்டா" என்றாள்.

படிக்காதவர்களின் பயம் என்று நினைத்துக்கொண்டேன். பாட்டு பாட்டுதானே.

சங்கத்தில் இரண்டாவது அடி முடியுமுன்பே பின்வரிசையில் சிரிப்பு. செயலாளர், ஒரு பெரிய ஆபீஸில் சூப்பரிண்டெண்டு, கையமர்த்தினார்.

"தம்பி, எங்களைக் கல்யாணத்துக்குக் கூப்பிட்டீங்களா, கருமாதிக்கா?"

அதன் பிறகு சபை அடங்க வெகுநேரம் ஆயிற்று. அடுத்த முறையிலிருந்து எனக்காக ஓர் ஏற்பாடு செய்தார்கள்: நல்ல சாரீரம் உள்ள ஒருவர் பாடுவார், பொருள் மட்டும் நான் சொல்லவேண்டும். அப்படியும் போய்க்கொண்டுதான் இருந்தேன். வேறு எங்கே போவது? மற்றவர்களைப் பார்த்துப் பார்த்துத் தலையாட்டவும் பழகிக்கொண்டேன்.

பஞ்சுத் தூசி நெஞ்சில் ஏறி அப்பா போய்ச் சேர்ந்தார். அம்மா அவர் தலைமாட்டில் உட்கார்ந்து பாடினாள். மில் சங்கு ஊதியாச்சே, இன்னும் எழுந்திருக்காம படுத்திருக்கியே, தூக்குல சோறு கட்டி வச்சேனே, எடுத்துக்கினு போக ஆள் இல்லையே என்று போயிற்று அது. துக்கம் கேட்க வந்த செயலாளர் கண்ணை மூடி நின்றிருந்தார். அழுகிறார் என்று நினைத்தேன். பிறகுதான் பார்த்தேன், அவர் விரல் தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தது.

காரியம் முடிந்த கையோடு என்னைக் கூப்பிட்டுவிட்டார். ஆண்டு விழாவில் நாட்டுப்பாடலுக்கு என்று ஓர் அரங்கமாம், அம்மா வந்து அதே பாட்டைப் பாடவேண்டுமாம். அழுகை வேண்டாம், ராகமும் சொல்லும் போதும் என்றார். நான் சிரிப்பு வாங்கிய மேடையில் எங்கள் வீட்டு ஆள் ஒருவர் உட்காரட்டும் என்ற ஆசையில் அம்மாவிடம் போய்க் கேட்டேன்.

"அங்க யாரு செத்துட்டாங்க?" என்றாள்.

யாரும் இல்லை என்றேன்.

"அப்போ எப்டிடா வாய் தொறக்கிறது?"

அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லியனுப்பினேன். அத்தோடு விட்டது என்று இருந்தேன்.

விழா அன்று நல்ல சாரீரக்காரர் ஆர்மோனியத்தின் முன்னால் உட்கார்ந்தார். செயலாளர் எங்கள் வீட்டில் கேட்டதை மனதில் வாங்கி வைத்திருந்து அவருக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார். மில் சங்கும் தூக்குச் சோறும் மங்களகரமான ஒரு ராகத்தில் வந்தன. வரிக்கு வரி சபை தலையாட்டியது. பின்வரிசையிலிருந்து ஒரு சிரிப்பு இல்லை.

பாட்டு முடிந்ததும் செயலாளர் என் பக்கம் திரும்பினார்.

"தம்பி, வழக்கம்போல பொருள் மட்டும் நீங்க சொல்லுங்க."

எழுந்தேன். "மில் சங்கு ஊதினா எங்கப்பா எழுந்துடுவாரு. அன்னிக்கு எழுந்திருக்கல. அவ்வளவுதான் பொருள்" என்றேன். அதற்குமேல் எனக்குப் பிரிக்கத் தெரியவில்லை. உட்காராமல் வாசலைப் பார்த்து நடந்தேன்.

செயலாளர் பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னது காதில் விழுந்தது. பொருள் சரிதானாம், நயம்தான் இந்தப் பையனுக்கு இன்னும் கைவரவில்லையாம்.