ஊமைப்படத்தில் அவர்கள் சேர்ந்தார்களா?

கான்வென்டில் நான் படித்த நாடகத்தில் காதலர்கள் பிரிந்துவிடுவார்கள். அதையே ஊமைப்படமாக எடுத்தபோது சேர்த்து வைத்துவிட்டார்கள் என்று என் கணவர் கடைசிவரை சாதித்தார்.

இன்று ஆரணி பஜாரில் அந்தப் படத்தின் சிடி கிடைத்தது. கடைசிப் பகுதியைக் கடை டிவியிலேயே ஓட்டச் சொன்னேன். நாயகி ரயிலடிக்கு வந்ததும் திரை கறுத்துவிட்டது.

"காப்பி பண்றப்போ வெட்டிட்டீங்களா?" என்றேன்.

"ஊமப்படத்த எவ்ளோ நேரம்மா பாத்துகினு இருப்பீங்க? படமே அவ்ளோதான்" என்றார் கடைக்காரர்.

"அவங்க சேந்தாங்களா, இல்லையா?"

என் முகத்தை ஒருமுறை பார்த்தார். "உங்களுக்கு எப்படிம்மா வேணும்?"

முடிவு தெரிந்தவர் இப்படிக் கேட்கமாட்டார். முடிவைப் பார்க்காமலேயே வெட்டியது இவர்தான் என்று நினைக்கிறேன்.

சிடி அட்டையின் படத்தைக் கீழே போட்டிருக்கிறேன்; முழுப்படம் பார்த்தவர்கள் முடிவை இங்கே கமெண்டில் எழுதுங்கள். என் கணவர் சொன்னதுதான் சரியென்றால் மட்டும், எனக்குத் தனியாக எழுதுங்கள்.