கூப்பிட்டால் வரும் பூனை

தங்கரத்தினம் கூப்பிட்ட குரலுக்கு ஓடி வந்துதான் அவள் புருஷன் பத்திநாதர் செத்தார். முல்லைத்தீவில் ஷெல் விழத் தொடங்கியதும் பதுங்கு குழிக்குள் இருந்தபடி அவள்தான் கத்திக் கூப்பிட்டாள். மாமரத்தடியில் நின்றவர் ஓடி வந்தார். பாதி முற்றத்தில் ஷெல் அவரைக் கிழித்துப் போட்டது. அந்தப் பாழாய்ப்போன மாமரத்தில் ஒரு கீறல்கூட இல்லை.

இடம்பெயர்ந்து உடப்புக்கு வந்தவளுக்குப் பக்கத்து இறால் பண்ணையில், வெள்ளைக்கார இன்ஜினியரின் வீட்டு வேலை கிடைத்தது. அவரிடம் லூசி என்று ஒரு பூனை இருந்தது. பொன்னிற உடம்பு முழுக்கக் கரும்புள்ளி, நீண்ட முதுகு, முரட்டுக் குரல். குழாயைத் திறந்தால் ஓடி வந்து தலையை நீட்டும். இறால் குளத்தில் இறங்கி நீந்தும். முதல் நாள் அதைக் கண்டு தங்கரத்தினம் மேசைமேல் ஏறி நின்றுவிட்டாள்.

துரை சிரித்துக்கொண்டு சொன்னதை டிரைவர் இஸ்ஸதீன் தமிழில் சொன்னான்.

"பயப்புடாதீங்க அக்கா. ஆதியில ஒரு காட்டுப் பூனைய வீட்டுப் பூனையோட சேத்தாங்களாம். புறகு குட்டிகளையும் அதுகள்ட குட்டிகளையும் வீட்டுப் பூனையோடயே சேத்து எடுத்த சாதியாம். தோல்தான் காடு. குணம் வீடு."

கொழும்பில் குண்டு வெடித்ததும் துரை தன் நாட்டுக்குப் போய்விட்டார். பூனை அவளிடம் தங்கியது. அவள் காலடியில்தான் படுக்கும். எங்கே திரிந்தாலும் "லூசி, வா" என்றால் வந்து நிற்கும். போர் எல்லாவற்றையும் பிடுங்கிக்கொண்ட ஒருத்திக்கு அது பெரிய ஆறுதல்தான்.

பிறகு ஊரில் கதிரவேலு என்பவனின் ஆட்டுப்பட்டியில் ஆட்டுக்குட்டிகள் கழுத்துக் கிழிந்து செத்துக் கிடந்தன. அவன் துடுப்பும் தடியுமாக ஆட்களைக் கூட்டிக்கொண்டு பண்ணைக்கு வந்தான். சத்தம் கேட்டுப் பூனை குளத்துக்கு அப்பால் கண்டல் மரப் பற்றைக்குள் ஓடி ஒளிந்தது.

"அது வீட்டுப் பூனை தம்பி. ஆட்டைத் தொடாது" என்றாள் தங்கரத்தினம்.

"வீட்டுப் பூனைக்கு ஏன் புள்ளி? இண்டைக்கு அம்பிடாட்டி நஞ்சு வைப்பம்."

நஞ்சு வைத்தால் லூசி எங்கே ஒளிந்தாலும் தப்பாது. அது வந்து காலில் உரசுவதை ஒருமுறை கண்டால் இவர்கள் போய்விடுவார்கள் என்று நம்பினாள். வாயில் கைகுவித்துக் கூப்பிட்டாள். பூனை வரம்பு வழியே வாலை நிமிர்த்திக்கொண்டு வந்தது. அவள் காலில் உரசியது; கதிரவேலுவின் காலிலும் உரசியது.

அவன் ஒரு கணம் தயங்கினான். ஆனால் உடப்புக் கடற்காரருக்கு ஒரு சோதனை உண்டு: மீனுக்காகத் தண்ணீரில் குதிக்கிற பூனை காட்டுப் பூனை. அவன் ஓர் உயிர்மீனைக் குளத்தில் எறிந்தான். லூசி சந்தோஷமாகக் குதித்தது.

"பாத்தீங்களா" என்றபடி துடுப்பை ஓங்கி அதன் முதுகில் இறக்கினான்.

எலும்பு முறிந்த சத்தம் எல்லாருக்கும் கேட்டது. காட்டுப் பூனையாக இருந்திருந்தால் கண்டல் பக்கம் திரும்பியிருக்கும். இது முன்னங்கால்களால் அடித்து அடித்து அவளை நோக்கியே நீந்தி வந்தது. கதிரவேலுவும் அந்தக் கரையில்தான் நின்றான்.

"போ, லூசி. அங்கால போ" என்று அலறினாள். அவள் அதற்கு 'வா' மட்டும்தான் பழக்கியிருந்தாள். இரண்டாவது அடி மண்டையைப் பிளந்தது.

அதே துடுப்பைப் பிடுங்கி அவள் கதிரவேலுவின் கையை முறித்தாள். விழுந்தவனின் முகத்திலும் அடித்தாள். அவன் பல்லெல்லாம் இரத்தமாய்க் கிடந்த பிறகுதான் மற்றவர்களால் அவளைப் பிடிக்க முடிந்தது. பொலிஸ் கொண்டுபோய் அடைத்தது.

அவள் வெளியே வந்தபோது ஆட்டுக்குட்டிகள் முன்போலவே செத்துக்கொண்டிருந்தன. கட்டுப்போட்ட கையோடு கதிரவேலு அவளைக் கண்டு தலையைக் குனிந்துகொண்டான். அவள் அவனைப் பார்க்கவே இல்லை.

அதற்குப் பிறகு தங்கரத்தினம் யாரையும் கூப்பிடுவதில்லை. சிலாபம் பஸ்ஸில் குடையை மறந்துவிட்டு இறங்கிய பெண்ணைக்கூடப் பின்னாலேயே ஓடிப்போய், தோளைத் தொட்டுத்தான் நிறுத்தினாள்.