புகழேந்தியின் பேசும் பிளாப்பி

என் தம்பி புகழேந்திக்குப் பிறவியிலேயே பார்வை இல்லை. எங்கள் குடும்பத்தில் பட்டம் வாங்கியவன் அவன் ஒருவன்தான். நான் எட்டாவதோடு நின்று, மந்தைவெளியில் ஒரு தையல் கடையில் காஜா எடுக்கப் போய்விட்டேன்.

டைப்ரைட்டிங்கில் அவன் ஹையர் பாஸ் செய்த நேரம் பார்த்து, ஆபீஸ்களெல்லாம் கம்ப்யூட்டருக்கு மாறின. அதில் திரையைப் பார்க்காமல் ஒன்றும் நடக்காது. அடையாறில் பார்வையற்றோருக்கான ஒரு சங்கத்தில் அவனுக்கு ஒரு பேசும் பெட்டி கொடுத்தார்கள். டிபன் பாக்ஸ் அளவுதான் இருக்கும். கம்ப்யூட்டரின் பின்பக்கம் வயரைச் செருகினால், திரையில் வரும் ஆங்கிலத்தை வாய்விட்டுப் படிக்கும். ஆனால் அதைப் பேசவைக்கும் ப்ரோக்ராம் கம்ப்யூட்டருக்குள் இருந்தாக வேண்டும். சொந்தமாகக் கம்ப்யூட்டர் வாங்க எங்களுக்கு ஏது வழி?

திருவல்லிக்கேணியில் கம்ப்யூட்டர் வகுப்பு நடத்திய மெஹபூப் அலிதான் வழி கண்டுபிடித்தார். கம்ப்யூட்டர் விழித்துக்கொள்ளத் தேவையானது, பெட்டியைப் பேசவைப்பது, தட்டச்சு செய்வதற்கானது எல்லாவற்றையும் ஒரே பிளாப்பியில் ஏற்றிக் கொடுத்தார்.

“இதப் போட்டு ஸ்விட்ச்சத் தட்னா அது உன் மிஷின். எடுத்துட்டுத் தட்னா அவங்க மிஷின். உள்ள இருக்கிற எதையும் நீ தொடப் போறதில்ல. எந்த ஆபீஸ்காரன் இன்னா சொல்லப் போறான் நைனா?” என்றார்.

பெட்டி மூக்கால் பேசியது. “இன்னாடா இது, சளி புடிச்ச துரை மாதிரி பேசுது?” என்றேன்.

“துரைய ஒண்ணும் சொல்லாதக்கா. எனக்குப் படிச்சுக் காட்ற ஒரே ஆளு அவருதான்” என்றான்.

வகுப்பு இல்லாத நேரங்களில் அங்கே உட்கார்ந்து பழகினான். பிழையே வராது. வந்தாலும் துரை சொன்னதும் திருத்திவிடுவான். பிளாப்பியின் மூலையில் ஒரு சின்ன பிளாஸ்டிக் தாழ் உண்டு. அதை ஒரு பக்கம் தள்ளி வைத்தால் அதில் இருப்பதை யாரும் அழிக்க முடியாது என்று அலி சொல்லியிருந்தார். ஒவ்வொரு முறை கிளம்பும்போதும் தாழைப் பார்ப்பது என் வேலை. ஒன்று கெட்டாலும் இன்னொன்று இருக்கட்டும் என்று நகல் ஒன்றும் எடுத்து வைத்திருந்தோம்.

தி. நகரில் ஒரு கம்பெனியில் டைப் செய்யும் வேலைக்குத் தேர்வு வைத்தார்கள். கண் தெரியாது, பெட்டியோடு வருவேன் என்று முன்பே எழுதிப் போட்டிருந்தான், வரச் சொல்லிவிட்டார்கள். வெளியே செருப்பை விட்டுவிட்டு ஏ.சி. அறைக்குள் போனோம். பொறுப்பாளர் சங்கரன் அன்பாகத்தான் பேசினார். ஆனால் வெளியிலிருந்து வரும் பிளாப்பியை வைரஸ் பார்க்காமல் போடக் கூடாது என்பது அங்கே சட்டம்.

“ரெண்டையும் குடுங்கம்மா.” வாங்கியவர் தாழைத் தள்ளினார்.

“சார், அதத் தள்ளாதீங்க. அழிஞ்சிரும்னு சொல்லிக்கிறாங்க.”

“தள்ளினாத்தாம்மா க்ளீன் பண்ண முடியும். பயப்படாதீங்க, தினம் பண்றதுதான்.”

கொஞ்ச நேரத்தில் சிரித்த முகத்தோடு வந்தார். “ரெண்டுலயும் முதல் எடத்துலயே சந்தேகமா ஏதோ இருந்துச்சு. எடுத்துட்டேன். இனிமே கவலையில்ல.”

புகழேந்தி பிளாப்பியைப் போட்டு ஸ்விட்சைத் தட்டினான். பெட்டி பேசவில்லை. வயரை அழுத்திப் பார்த்தான். ஒரு விசையைத் தட்டினான். கம்ப்யூட்டர் உள்ளே கரகரவென்று உறுமிவிட்டு அடங்கியது. மறுபடி தட்டினான், மறுபடி உறுமல்.

“இன்னாக்கா எழுதியிருக்கு?”

எழுத்துக் கூட்டிப் படித்தேன். பிளாப்பி சரியில்லை, வேறு போட்டு ஏதாவது ஒரு விசையைத் தட்டு என்று இருந்தது. நகலைப் போட்டோம். அதே வரி வந்தது. சுற்றிலும் மற்றவர்கள் மழை பெய்கிற மாதிரி டைப் செய்துகொண்டிருந்தார்கள். என் தம்பி பத்து விரலையும் விசைகள் மேல் வைத்தபடி அசையாமல் உட்கார்ந்திருந்தான்.

வைரஸ் என்று தான் எடுத்தது கம்ப்யூட்டரை விழிக்கவைக்கும் பகுதியைத்தான் என்று புரிந்ததும் சங்கரனுக்கு முகம் செத்துவிட்டது. “சிஸ்டர் பக்கத்துல நின்னு படிக்கட்டுமே. நான் பர்மிஷன் வாங்கறேன்” என்றார்.

“இன்னிக்கு அக்கா படிக்கும் சார். வேல கெடச்சா தெனமும் யாரு படிப்பாங்க?” என்றான் புகழேந்தி. “வேற பிளாப்பி கொண்டாந்தாலும் நீங்க இதே மாதிரி க்ளீன் பண்ணித்தான குடுப்பீங்க?”

சங்கரன் இரண்டு பிளாப்பியையும் எடுத்து என்னிடம் கொடுத்தார். சட்டம் மேலிடத்தினுடையது. உஸ்மான் ரோடு கூட்டத்தில் என் தோளைப் பிடித்துக்கொண்டு பஸ் ஸ்டாப் வரை வந்தான்.

அலி புது பிளாப்பி போட்டுக் கொடுத்தார். துரை மறுபடி பேசினார். ஆனால் அதற்குப் பிறகு புகழேந்தி எந்த ஆபீஸுக்கும் எழுதிப் போடவில்லை. அடுத்த வருஷம் அலியின் வகுப்பில் எல்லாம் விண்டோஸ் ஆகி, திரையில் எழுத்து போய்ப் படங்கள் வந்துவிட்டன. அந்தப் படங்களைப் படிக்கத் துரைக்குத் தெரியவில்லை. பெட்டியைத் துடைத்து அடையாறு சங்கத்திலேயே திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தோம்.

இப்போது அவனுக்கு மந்தைவெளியில் ஒரு எஸ்.டி.டி. பூத் இருக்கிறது. தெருவில் பாதிப் பேருடைய நம்பர் அவனுக்கு மனப்பாடம். பிரசவச் செய்தியும் சாவுச் செய்தியும் அவன் காதைத் தாண்டித்தான் போகின்றன. போன வாரம் கூட, காத்திருந்த ஒரு பையன், “அண்ணே, உங்களுக்குக் கம்ப்யூட்டரெல்லாம் தெரியுமாமே?” என்று கேட்டான்.

“அதெல்லாம் தெரியாதுப்பா” என்றான் என் தம்பி.

சோறு கொண்டுபோயிருந்த நான் வாசலில் நின்றபடியே, “தெரியும்” என்றேன்.

அவன் என் பக்கம் திரும்பவில்லை. “எந்த ஊருக்குப்பா போடணும்?” என்று பையனைக் கேட்டான்.