பழசாகிப்போன பென்டிரைவ்

கம்பத்தில் அண்ணன் நடத்திய கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை இப்போது என் தலையில். ஒன்பதாவதோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவள் நான். பைக்கில் ஜெயமங்கலம் வரை போன அண்ணன் பிணமாகத்தான் வந்தான். பொறுப்பான ஆள், கடைச் சாவியை மேசையில் வைத்துவிட்டுத்தான் போயிருந்தான்.

அவன் தயார் செய்த பென்டிரைவ் ஒன்று இருந்தது. பழைய லேப்டாப்பில் செருகினால், அதை ஓட்டுகிற லினக்ஸ் சிஸ்டம் தானாக ஏறிவிடும். செருகுவது மட்டும்தான் என் வேலை. அவன் போன பத்தாவது மாதம் அது பாதியில் நின்று, சிவப்பு எழுத்தில் இங்கிலீஷில் திட்டியது.

முதல் லேப்டாப்காரரிடம் ஹார்ட் டிஸ்க் போச்சு என்றேன். அடுத்தவரிடம் நெட் சரியில்லை என்றேன். மூன்றாவதாக வந்தவர் காமயகவுண்டன்பட்டித் திராட்சைத் தோட்டக்காரர். மகளின் காலேஜ் படிப்புக்காகக் கொண்டுவந்திருந்தார். உள்ளே சாரல் ஈரம் இறங்கிவிட்டது என்றேன். அண்ணனைத் தவிர எல்லார் மேலும் குற்றம் இருந்தது.

"ஏன்த்தா, பீரோவுக்குள்ள பூட்டி வச்சிருந்த பொட்டிக்குச் சாரல் எங்கிட்டு வந்துச்சு?"

அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். வேறு வழியில்லாமல் சிவப்பு எழுத்தைப் போனில் படமெடுத்துத் தமிழாக்கினேன். பென்டிரைவிலிருக்கும் பேக்கேஜ் மேனேஜர், அதாவது நெட்டிலிருந்து புரோகிராம்களை இறக்கி ஏற்றுகிறவர், பழைய வெர்ஷனாம். புதிதாக வந்த எதையும் நம்ப மாட்டாராம். எங்கள் சாதிசனம் மாதிரியே.

அண்ணன் மாதாமாதம் புதிய வெர்ஷன் இறக்கிப் போடுவான். நான் போடவில்லை என்றேன்.

"ஏன் போடல?"

"தலைத்திவசம் கழியுற வரைக்கும் புதுசா எதும் எடுக்கக்கூடாதுன்னு அம்மா சொன்னாக மாமா."

"அது சேல துணிமணிக்குத்தா! கம்ப்யூட்டருக்குமா துக்கம்?"

அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். அம்மா மேல் போட்ட பழி அது. அவன் கையால் போட்டதை அழிக்க எனக்குத்தான் மனசில்லை.

"ஒங்க லேப்டாப்புல ஈரமும் இல்ல, ஒண்ணும் இல்ல மாமா. அண்ணே போட்டதுதான் பழசாயிருச்சு."

"இதச் சொல்லவா இம்புட்டு நேரம்?"

"பத்து மாசம் மாமா."

அவர் எழுந்து வெளியே போய் வெற்றிலை போட்டார்.

புதியதை இறக்கினேன். பழையதை ஒரு காப்பி எடுத்துக் கம்ப்யூட்டரில் ஓரமாக வைத்தேன். அது எதற்கும் உதவாது. மாலை போட்ட போட்டோ மட்டும் உதவுகிறதா என்ன?

பென்டிரைவில் ஏற்றப்போனபோது, இதிலிருப்பதெல்லாம் அழிந்துவிடும், சம்மதமா என்று கேட்டது. மரியாதை தெரிந்த மெஷின். அவன் விஷயத்தில் என்னை யாரும் கேட்கவில்லை.

சம்மதம் என்று அமுக்கினேன்.