என் சாவுக்கு வந்த சேலை

முதலில் தலைவலிதான் வந்தது. ஐப்பசி மழை பிடித்துக்கொண்டிருந்த நேரம். ஈரத்தலையோடு கழனிக்குப் போனதால் நீர் கோத்துக்கொண்டது என்று நினைத்து, சுக்கை இழைத்துப் பற்றுப் போட்டுக்கொண்டு வேலையைப் பார்த்தேன். மறுநாள் சாயங்காலம் காய்ச்சல் வந்தது. காலையில் கொஞ்சம் இறங்கும். பொழுது சாய்ந்தால் முந்தின நாளைவிட அதிகமாக ஏறும். நாக்கில் வெள்ளை படிந்து, சோற்று வாசனையே குமட்டியது.

என் வீட்டுக்காரர் வில்லியனூரிலிருந்து டாக்டரை வண்டி கட்டிக் கூட்டிவந்தார். புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர்களிடம் படித்த தமிழ் டாக்டர். வயிற்றை அமுக்கிப் பார்த்துவிட்டு டைபாய்டு (குடலில் புண் வைக்கும் காய்ச்சல், ஊரில் விஷக்காய்ச்சல் என்போம்) என்றார்.

“இதுக்குன்னு மருந்து கெடையாதுங்க. தானா எறங்கணும். அதுவரைக்கும் பார்லித் தண்ணி, மோர்த் தெளிவு, அவ்ளோதான். பாவம் பாத்து ஒரு பருக்கை சோறு குடுத்தீங்கன்னா கொடல் பொத்துக்கும். அப்புறம் என்னைக் கூப்புடாதீங்க.”

இப்போது அதற்கு மாத்திரை வந்துவிட்டது. ஆனாலும் படுக்கை அதே படுக்கைதான். கிடக்கிறவர்களுக்காகவும், பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன். நல்ல புத்தி சொல்லுவேன் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

காய்ச்சலுக்கு முன்பே எனக்கு ஒரு வியாதி இருந்தது. அதன் பெயர் கோவிந்தன். என் கூடப் பிறந்த தம்பி, பாகூரில் அப்பா வீட்டில் இருந்தவன். அம்மாவுக்கு அவள் பிறந்த வீட்டில் கொடுத்த மஞ்சக்காணி (பெண்ணுக்குச் சீராகத் தரும் நிலம்) பாகூர் ஏரிக்குக் கீழே இருந்தது. என் கல்யாணத்தில் அம்மா அதைத் தாம்பூலத்தோடு எனக்குக் கொடுத்தாள். அப்பா கண்ணை மூடியதும் கோவிந்தன் வரப்பை வெட்டித் தன் நிலத்தோடு சேர்த்துக் கரும்பு நட்டுவிட்டான். கேட்கப்போன என்னை, “பொட்டச்சிக்கு இன்னா காணி?” என்று வாசலிலேயே நிறுத்தித் திருப்பி அனுப்பினான். அம்மா உள்ளேயிருந்து அழுதது கேட்டது.

அதையாவது பொறுத்திருப்பேன். ஆனி மாதம் அம்மா செத்துப்போனாள். அவன் எனக்குச் சொல்லி அனுப்பவில்லை. பாகூர்ப் பக்கமிருந்து வெல்லம் விற்க வந்தவள்தான், “உங்கம்மா கருமாதியே முடிஞ்சிபோச்சே, நீ ஏம்மா வரல?” என்று கேட்டாள். வெல்லத்துக்கு நெல் அளந்துகொண்டிருந்த படியைக் கீழே போட்டுவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். பெற்றவள் முகத்தைக் கடைசியாகப் பார்க்க விடாத பாவி. அந்தக் கரும்பு அவனுக்கு இனிக்கக் கூடாது என்று அன்றைக்கு மண்ணை வாரித் தூற்றினேன்.

காய்ச்சல் முற்றியதும் ஜன்னி (சூட்டில் நினைவு தப்பிப் பிதற்றுவது) கண்டது. நான் பிதற்றியதெல்லாம் கரும்புதானாம். “வெட்டாத, வெட்டாத” என்று கையை ஆட்டுவேனாம். பிறகு ஒரு மத்தியானம் உடம்பு சில்லிட்டு, நாடி கைக்கு அகப்படாமல் போனது. பெண்கள் ஒப்பாரியை எடுத்துவிட்டார்கள். என் கொழுந்தனார் பதறிப்போய்ச் சாவுச் சேதி சொல்லப் பாகூருக்கு ஆளை ஓட்டிவிட்டார். டாக்டர் வந்து ஊசி போட்டு, நாடி திரும்பிய சந்தோஷத்தில், போன ஆளைத் திருப்பிக் கூப்பிட ஒருவருக்கும் தோன்றவில்லை.

மறுநாள் மேளச் சத்தம் கேட்டது. கண் திறக்க முடியவில்லை, காது மட்டும் வேலை செய்தது. கோவிந்தன் வந்திருந்தான். வண்டி நிறையப் பெண்கள், பூமாலை, பிறந்த வீட்டுக் கோடி (செத்தவள் மேல் போர்த்தப் பிறந்த வீட்டார் கொண்டுவரும் புதுச்சேலை) எல்லாவற்றோடும் வந்திருந்தான். மார்பில் அடித்துக்கொண்டு அழுதான்.

“ஐயோ அக்கா, தாய்க்குத் தாயா இருந்தியே! என்னை வுட்டுட்டுப் பூட்டியே!”

எனக்கு எங்கிருந்து குரல் வந்ததோ தெரியாது.

“இன்னும் போவலடா” என்றேன்.

மேளம் நின்றுவிட்டது. கோவிந்தன் வாயைப் பிளந்தபடி நின்றான் என்று பிறகு சொன்னார்கள். பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை. கிடக்கிறவளுக்குக் காது கேட்காது என்று நினைத்துப் பக்கத்தில் நின்று பேசாதீர்கள், எல்லாம் கேட்கும்.

அந்தச் சேலையை என்ன செய்வது என்று பெரிய பேச்சு நடந்தது. “கோடி திரும்பிப் போவக் கூடாது, வூட்லயும் இருக்கக் கூடாது. ஆத்துல வுட்டுடலாம்” என்றாள் என் மாமியார்.

“எனக்குன்னு தானே எடுத்தாந்தான்? தலமாட்டுல வைங்க” என்றேன். சாகக் கிடப்பவளிடம் யாரும் வாதாடவில்லை.

கார்த்திகைக் கடைசியில் காய்ச்சல் விட்டது. உடம்பில் எலும்பும் தோலும்தான் மிச்சம். தலைமுடி கொத்துக்கொத்தாகச் சீப்போடு வந்தது. எழுந்து நின்றால் கால்கள் வெடவெடத்தன. பசியோ பேய்ப்பசி. மகன் தட்டில் இருக்கும் சோற்றைப் பறிக்கத் தோன்றும். ஆனால் டாக்டர் சொன்ன அளவுக்கு மேல் ஒரு வாய் கஞ்சிகூடக் குடிக்கவில்லை. எனக்கு மாசி மாதம் வேண்டியிருந்தது. மாசியில்தான் அவன் கரும்பு வெட்டுவான்.

சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். பிறகு மாட்டுக்கொட்டகை வரைக்கும் கோலூன்றி நடந்தேன். பார்க்க வந்த டாக்டர், “எதுக்கும்மா இவ்ளோ அவசரம்?” என்று கேட்டார்.

“மாசியில கரும்பு வெட்டு இருக்குதுங்க.”

“கரும்பெல்லாம் இப்ப கடிக்கக் கூடாது” என்றார் பாவம் அந்த மனுஷர்.

கோபப்படாதே, உடம்புக்கு ஆகாது என்று எல்லாரும் சொன்னார்கள். அம்மா முகமும் அந்தக் காணியும் ஞாபகம் வரவில்லையென்றால் நான் படுக்கையைவிட்டு எழுந்தே இருந்திருக்க மாட்டேன்.

மாசியில் வண்டி கட்டச் சொன்னேன். என் வீட்டுக்காரர் முதலில் மறுத்தார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு மாட்டைப் பூட்டினார். எங்கள் ஊரும் பாகூரும் பிரெஞ்சுக்காரன் சீமைதான் என்றாலும், நடுவில் இங்கிலீஷ்காரன் சீமையைத் தாண்டித்தான் போக வேண்டும். சுங்கச் சாவடியில் சிப்பாய் வண்டியை நிறுத்தினான். பிரெஞ்சுப் பக்கத்துப் புதுத்துணிக்கு வரி உண்டு.

“மூட்டையில இன்னா? புதுப் பொடவயா?”

“என் சாவுக்கு வந்த கோடி. வரி எவ்ளோன்னு தொட்டுப் பாத்துச் சொல்லுப்பா.”

சிப்பாய் கையை இழுத்துக்கொண்டு வழிவிட்டான்.

ஏரிக்கரை மறைவில் அந்தச் சிவப்புச் சேலையைக் கட்டிக்கொண்டேன். மூலையில் தடவிய மஞ்சள்கூட அப்படியே இருந்தது. கோலூன்றி வரப்பில் நடந்தேன். இரண்டு முறை உட்கார்ந்து மூச்சு வாங்கினேன். வெட்டு நடந்துகொண்டிருந்த என் காணியில் போய் நின்றேன்.

“எங்க தம்பி என் சாவுக்கு எடுத்தாந்த கோடி. நல்லாப் பாத்துக்குங்கப்பா” என்றேன்.

வெட்டுகிறவர்களில் மூத்தவர் கத்தியைக் கீழே வைத்தார். “கோடி கட்டுன பொம்பள நிக்கற எடத்துல வெட்ட மாட்டோம்” என்றார். மற்றவர்களும் கரையேறிவிட்டார்கள். கரும்பு வெட்டாமல் நின்றால் சாறு வற்றும். கோவிந்தன் வேட்டியைப் பிடித்துக்கொண்டு ஓடிவந்தான்.

“அக்கா, அவுத்துடு அக்கா! புள்ளகுட்டிக்காரன்க்கா நானு!”

“ஏன்டா? நீ எடுத்தாந்த பொடவதானே? எனக்கு நல்லா இல்லியா?”

“இன்னாக்கா வேணும் உனக்கு?”

“அம்மா மொகத்தக் காட்டுடா.”

அவன் கரையேறி நின்றவர்களைத் திரும்பிப் பார்த்தான்.

“முடியாதில்ல? அப்ப காணிய வுடு.”

வெட்ட வந்தவர்கள் அத்தனை பேர் முன்னிலையில், ஏரி இருக்கும் திசையைப் பார்த்துச் சத்தியம் செய்தான். வரப்பைப் பழைய இடத்தில் அவன் கையாலேயே போடவைத்தேன். நான் கரும்புக் கட்டின்மேல் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். கால் விட்டுப்போய்விட்டது, ஆனாலும் அவ்வளவு சுகமாக அதற்குமுன் நான் எங்கேயும் உட்கார்ந்ததில்லை.

விழுந்த முடி பிறகு முளைத்தது, சுருட்டையாக. வேறு யாரோ ஒருத்தியின் தலை மாதிரி இருந்தது. மழை நாட்களில் கால் இன்றும் மரத்துப்போகிறது. என் சாவுக்கு மேளம் ஒருமுறை வந்துவிட்டுப் போயிற்று. அதற்குப் பிறகு விடிந்ததெல்லாம் எனக்கு உபரி நாள்தான். சாவைப் பற்றிப் பயம் போய்விட்டது. தம்பி மேல் கோபம் போகவில்லை. காணி வந்தது, அம்மா முகம் வரவில்லையே.

சேலை என் பெட்டியில்தான் இருக்கிறது. மகன்களிடம் சொல்லிவைத்திருக்கிறேன். நான் போனால் அதையே போர்த்துங்கள், பாகூருக்குச் சாம்பல் ஆறிய பிறகு ஆள் அனுப்புங்கள் என்று. பிறந்த வீட்டுக் கோடி வந்தாகிவிட்டது, இன்னொரு தடவை அவன் வர வேண்டியதில்லை.

கோவிந்தனுக்கும் அது தெரியும். எனக்கு இருமல் என்று காதில் விழுந்தால் போதும், மகனை அனுப்பிவிடுகிறான். போன வாரமும் அந்தப் பையன் வந்து வாசலில் நின்றான்.

“அத்த, எப்பிடி இருக்குதுன்னு அப்பா பாத்துகினு வரச் சொல்லிச்சி.”

மோர் கொடுத்தேன். குடித்து முடிக்கும் வரை காத்திருந்தேன்.

“இன்னும் போவலன்னு சொல்லு” என்றேன்.